விடை சொல்ல மாட்டார்கள்: எங்கள் யூனியின் ரைட்டிங் சென்டர் பற்றி

தோழியின் தங்கை இந்த செமஸ்டர் கோலாலம்பூரில் டிகிரி சேர்கிறாள். "அக்கா, ரைட்டிங் சென்டருக்கு அசைன்மென்ட் கொண்டு போனா இங்கிலீஷைத் திருத்திக் கொடுப்பாங்களா?" என்று வாட்சாப்பில் கேட்டிருந்தாள். கொடுக்க மாட்டார்கள். முதலாம் ஆண்டிலிருந்து அங்கே போய் வருகிறேன், கடைசி ஆண்டிலும் எனக்கு இந்த ஒரு விஷயத்தில் கோபம் தீரவில்லை.

மாணவர்கள் எழுதும் அசைன்மென்டுக்கு ஆலோசனை சொல்லும் மையம் இது. இலவசம், ஆன்லைனில் ஸ்லாட் எடுக்க வேண்டும், உட்கார்ந்து பேசுபவர் பெரும்பாலும் சீனியர் மாணவர். இதெல்லாம் எந்த யூனியிலும் ஏறக்குறைய ஒன்றுதான், விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே மையம் ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு வாராந்திரக் குழு வகுப்பு நடத்துகிறது. 1973-இல் அமெரிக்காவில், மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் தொடங்கிய முறை இது. படிப்பில் பின்தங்கியவர் யார் என்று தேடிப் பிடிக்க மாட்டார்கள். நிறையப் பேர் கோட்டை விடும் பாடத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் நல்ல கிரேடு வாங்கிய சீனியரை உட்கார வைப்பார்கள். அதனால் அங்கே போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முழு கிரேடாக நாலு பாயின்ட் வாங்குபவனும் வருவான், ரிப்பீட் எடுப்பவளும் வருவாள்.

எங்களுக்கு வாய்த்தவர் ஈப்போக்கார அண்ணன் ஒருவர். வாயிலிருந்து விடையை வரவழைக்கவே முடியாது. வேரியன்ஸ் கணக்கில், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்க்கும் கணக்கில், ஏன் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கிறோம் என்று கேட்டோம். "அஞ்சு பேர் மாமாக் கடையில சாப்பிட்டீங்க. சராசரி ஆளுக்குப் பத்து வெள்ளி. நாலு பேர் பில் எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, ஏழு. அஞ்சாவது ஆளு இஷ்டத்துக்குச் சாப்பிட்டிருக்க முடியுமா?" என்று திருப்பிக் கேட்டார். கூட்டிப் பார்த்தோம். முடியாது, அவன் பதினாலு வெள்ளிக்குத்தான் சாப்பிட்டிருக்க வேண்டும். சராசரி முடிவாகிவிட்டால் நாலு எண்ணுக்குத்தான் சுதந்திரம், ஐந்தாவது கட்டிப் போட்ட எண். லெக்சரர் மூன்று ஸ்லைடில் காட்டியும் ஏறாத டிகிரீஸ் ஆஃப் ஃபிரீடம், தமிழும் மலாயும் இங்கிலீஷும் கலந்த அந்தப் பேச்சில் மண்டையில் ஏறிவிட்டது.

சரி, அதே 'விடை சொல்லாதே' விதியை எழுத்துக்கும் வைத்திருக்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது.

நான் தமிழ்ப்பள்ளி. அப்புறம் மலாய் பழகுவதற்கான புகுமுக வகுப்பு, மலாய் இடைநிலைப்பள்ளி, அதற்கு மேல்தான் எல்லாமே இங்கிலீஷ். இங்கிலீஷில் 'தி' (the) என்கிற அந்தக் குட்டிச் சொல் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்று காது சொல்லாது. மையத்தில் முதல் பத்தியில் மூன்று இடத்தில் கோடு போட்டுவிட்டு, "இந்த மாதிரி மத்ததையும் நீயே கண்டுபிடி" என்றார்கள். எப்படி? ஸ்டாட்டில் கணக்குத் தப்பினால் விடை உதைக்கும், தெரிந்துவிடும். 'தி' விட்டுப்போனால் எது உதைக்கும்? எனக்கு அந்த வாக்கியம் ஒழுங்காகத்தானே தெரிகிறது! இந்த வித்தியாசம் அவர்களுக்குப் புரியவில்லையா, புரிந்தும் கண்டுகொள்ளவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவர்களே திருத்தினால் அசைன்மென்ட் யாருடையது? டெலிகிராமில் காசு வாங்கிக்கொண்டு முழுதாக எழுதித் தருகிறவர்களிடமிருந்து ஏதாவது ஒரு இடத்தில் விலகி நிற்கத்தான் வேண்டும். ஆனால் 2023 ஏப்ரலில், காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் ஏஐ எழுத்தையும் கணிக்க ஆரம்பித்ததிலிருந்து, வாக்கியத்தை மாற்றி எழுதித் தரும் எந்த ஆப்பையும் தொடாதே என்று லெக்சரர்கள் எச்சரிக்கிறார்கள். ஆப்பைத் தொடாதே, மையமும் திருத்தாது, ரூப்ரிக்கில், அதாவது மார்க் போடும் அளவுகோலில், மட்டும் மொழிக்கு மார்க் கழிப்போம். இது எந்த ஊர் நியாயம்?

மற்றபடி அங்கே கற்றுக்கொண்டவை உருப்படியானவை. டிராஃப்டில் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று ஒரே வரி எழுதச் சொல்வார்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தி வேண்டாத பத்தி. என் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு பக்கமே காணாமல் போனது, நல்லதுக்குத்தான்.

இன்னொன்று, பெயர் விவகாரம். மேற்கோள் பட்டியல் தயாரித்துத் தரும் ரெஃபரன்ஸ் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கட்டுரை எழுதியவர் நம்மவராக இருந்தால் மேற்கோளில் அவருடைய அப்பா பெயர் வந்து உட்காரும், அவர் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கும். எழுதியது மகள், பேர் வாங்குவது அப்பா. ஸோட்டெரோ என்ற அப்படிப்பட்ட மென்பொருளில் பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகி முழுப் பெயரும் அப்படியே நிற்கும். இதைக் காட்டியது மையத்தில் இருந்த ஒரு மலாய்க்கார அக்கா. 'இன்னார் மகன், இன்னார் மகள்' என்று சொல்லும் 'பின்', 'பின்தி' வைத்த மலாய்ப் பெயர்களோடு அவரும் இதே அவஸ்தையைப் பட்டிருக்கிறார்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. ஸ்டாட் குழுவுக்குத் தனியாக என்றால் ஐந்தும் கொடுப்பேன், ஆனால் நேற்றுத்தான் 'மொழியில் கவனம் தேவை' என்ற குறிப்போடு ஒரு ரிப்போர்ட் திரும்பி வந்தது, இன்றைக்கு இரண்டுதான்.

நீ போ தங்கச்சி, போகாமல் இருக்காதே. எழுதி முடித்துவிட்டுத் திருத்தக் கொண்டு போகாதே, பாதியில் இருக்கும்போதே போ. டியூ டேட் வாரத்தில் ஸ்லாட் எதுவும் கிடைக்காது. 'தி'யை மட்டும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்.