லாகின் எச்சரிக்கை மெயில்: ஊர்ப்பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஆர்டர், சாம்பிள் பேச்சு, பேமென்ட் விவரம் எல்லாமே மெயிலில்தான் ஓடும். அதனால் 'புதிய சாதனத்தில் உள்நுழைவு' என்று வரும் எச்சரிக்கைகளையும், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தையும் பல வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறேன். அதில் நம்பவே முடியாத வரி ஊர்ப்பெயர்தான்.

அலுவலக பிராட்பேண்டில் நுழைந்தால் கோயம்புத்தூர் என்று காட்டும். அதே லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் சென்னை, சில நாள் பெங்களூரு. பெருந்துறையில் இருக்கும் சித்தப்பா புதுப் போனில் மெயிலைச் சேர்த்ததும் மும்பை என்று வந்துவிட்டது. "ஏங் கண்ணு, எவனோ நம்ம மெயிலைத் திறந்துட்டானாட்ட இருக்குது?" என்று பதறிப் போய்க் கூப்பிட்டார். நேரத்தையும் போன் மாடலையும் படிக்கச் சொன்னேன். "அது நீங்கதானுங்க சித்தப்பா" என்ற பிறகுதான் நிம்மதியானார்.

இந்த ஊர் பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸில் இருந்து வருவதில்லை, ஐபி முகவரியை (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வைத்துப் போடும் கணக்கு. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். அது போதாததால் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. நாம் காங்கேயத்தில் இருந்தாலும் நம் டேட்டா பெருநகரத்தில் உள்ள அவர்களது கேட்வே (இணையத்துக்கான நுழைவாயில்) வழியாக இணையத்துக்குள் போகலாம். அப்போது அந்த நகரம்தான் தெரியும். எந்த முகவரி எந்த ஊர் என்று சொல்லும் தரவுத்தளங்களும் உடனுக்குடன் திருத்தப்படுவதில்லை. அமெரிக்காவில் ஊர் தெரியாத 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு ஒரு தரவுத்தளம் கான்சாஸ் மாநிலத்தில் ஒரே புள்ளியைக் கொடுத்திருந்தது. அந்தப் புள்ளி ஒரு பண்ணை வீட்டில் விழ, திருடனைத் தேடி வருடக்கணக்கில் போலீஸ் அங்கே போனது. 2016இல்தான் காரணம் வெளியே வந்தது.

சரி, எதைப் பார்ப்பது? நேரம், சாதனம், பிரவுசர். அந்த நேரத்தில் அந்தச் சாதனத்தில் நான்தான் நுழைந்தேனா என்பது மட்டுமே கேள்வி. எனக்குப் பெரிய கவலை இதற்கு நேர்மாறானது: திருப்பூர் என்று சரியாகக் காட்டினால் நிம்மதியாகிவிடுகிறோம். இணைப்பை வேறு ஊர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன், ப்ராக்ஸி வைத்து எந்த ஊரில் இருப்பது போலவும் காட்டிக்கொள்ள முடியும். இந்த மெயில்களில் ஊரைவிட நேரத்தையும் சாதனத்தையும்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

சாதனம் நம்முடையது இல்லை என்றால், மெயிலில் உள்ள பட்டனை அழுத்தாமல் நேராகக் கணக்கு அமைப்புக்குப் போங்கள். போலி எச்சரிக்கைகளும் இதே தோற்றத்தில் வருகின்றன. தெரியாத சாதனத்தை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) போடுங்கள். அப்புறம் வரும் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபார்வர்டு விதிகளையும், தானாகப் பிரித்து ஒதுக்கும் ஃபில்டர்களையும் அவசியம் பாருங்கள். ஏற்றுமதிக்காரர்களுக்கு ஆபத்தே அங்கேதான். உள்ளே நுழைந்த மோசடிக்காரர்கள் நம் மெயில் தங்களுக்கும் வரும்படி ரகசியமாக ஒரு விதியை வைத்துவிட்டு, பேமென்ட் நேரத்தில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று பையருக்கு (நம்மிடம் சரக்கு வாங்குபவருக்கு) எழுதுவார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.