பிலடெல்பியாவா, ஆபர்னா?

இந்த இரண்டு அமெரிக்க ஊர்களின் சிறை முறைகளில் எதைப் பின்பற்றுவது? 1830களில் புதுச் சிறை கட்ட நினைத்த அரசுகளுக்கு இருந்த குழப்பம் இது.

அன்றாடம்: பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில் (1829) சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் ஒரே அறைக்குள், வெளியே கூட்டிப்போனால் முகத்தை மூடிவிடுவார்கள். நியூயார்க்கின் ஆபர்னில் இரவு மட்டும் தனியறை. பகலில் பட்டறையில் எல்லோருடனும் வேலை, ஆனால் வாய் திறக்கக் கூடாது.

செலவு: பிலடெல்பியாவில் தரைத்தள அறைகளுக்குத் தனித்தனி முற்றம் வேறு; கட்டி மாளாது. ஆபர்னுக்குச் சின்ன அறை போதும், பட்டறை வருமானமும் உண்டு.

ஒழுங்கு: ஆபர்னில் பேசினால் சவுக்கடி. பிலடெல்பியாவின் தனியறையில் பேச ஆளே இல்லை.

மனநிலை: விஷயமே இங்கேதான். 1821இல் ஆபர்னிலேயே சுமார் 80 பேரை வேலைகூடக் கொடுக்காமல் தனியே அடைத்துப் பார்த்தார்கள். சிலர் இறந்தார்கள், சிலருக்குப் புத்தி பேதலித்தது. சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகும் பிலடெல்பியா, கைத்தொழிலை மட்டும் சேர்த்துக்கொண்டு, தனிமையையே பிடித்துக்கொண்டது. கைதி திருந்துவான் என்ற நல்லெண்ணம்தான், வேறென்ன!

சரி, எது யாருக்கு? வரவு செலவு பார்க்கும் அரசுக்கு ஆபர்ன். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுத்தன. கைதிகள் ஒருவரையொருவர் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்தவர்களுக்கு பிலடெல்பியா. ஐரோப்பாவில் அதற்கே மவுசு. கைதியைக் கேட்டிருந்தால், சவுக்கு இருந்தாலும் ஆபர்னைத்தான் சொல்லியிருப்பான் என்பது என் கணிப்பு. ஈஸ்டர்ன் ஸ்டேட்டும் 1913இல் தனிமை முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது.