உப்புவெளியில் ஒரு நீல அச்சுப் பயிலரங்கு

திருகோணமலை உப்புவெளியில் ஒரு காட்சிக் கலைஞர் தமது வீட்டு முற்றத்தில் நடத்தும் ஒருநாள் நீல அச்சு (cyanotype: வெயில் ஒளியால் தாளில் நீலப் படம் ஆக்கும் முறை) பயிலரங்கில் கலந்துகொண்டேன். கரையொதுங்கிய கடற்சாதாளையையும் வெயிலையும் கொண்டு படம் ஆக்கக் கற்றுத்தரும் அவர், அதன் இரசாயனவியலையும் ஒளிக்காமல் விளக்குவதே இப்பயிலரங்கின் பெரும் பலம்.

பெரிக் அமோனியம் சித்திரேற்றையும் பொற்றாசியம் பெரிசயனைட்டையும் தனித்தனியே கரைத்து, மங்கிய வெளிச்சத்தில் கலந்து, தாளில் பூசி உலர்த்தி, அதன்மேல் சாதாளையை வைத்துக் கண்ணாடியால் மூடி வெயிலில் வைத்தோம். வெயிலிலுள்ள கழியூதாக் கதிர் பட்ட இடங்களில் இரும்பு தாழ்த்தப்பட்டு (அதாவது இலத்திரனைப் பெற்று), நீரில் கரையாத பிரசிய நீலம் என்னும் நிறப்பொருள் உண்டாகிறது. சாதாளை மறைத்த இடங்களில் கரைசல் மாறாதிருந்து, கழுவும்போது நீரோடு போய்விட, வெள்ளை உருவம் எஞ்சுகிறது. ஆங்கில விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் 1842இல் கண்டறிந்த இம்முறையைக் கொண்டே ஆங்கிலத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் பிரித்தானியக் கடற்சாதாளைகளைப் பதிந்து நூலாக வெளியிட்டார். அட்கின்ஸுக்கு அது தாவரவியல் ஆவணம் என்று கலைஞர் சொன்ன பிறகுதான், கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரிக்கும்படி கலைஞர் எங்களை ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பது விளங்கியது.

கச்சான் காற்று பலமாக வீசியதால் கண்ணாடியைக் கவ்விகளால் இறுக்க வேண்டியிருந்தது; தளர்ந்த பக்கத்தில் விளிம்புகள் மங்கலாக விழுந்தன. ஒரே சாதாளையை இரு தாள்களில் வெவ்வேறு நேரம் வெயிலில் வைத்து ஒப்பிடச் செய்ததே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குறைந்த நேரம் வைத்ததில் வெறும் வெள்ளை நிழலும், கூடுதலாக வைத்ததில், மெல்லிய இலைகளினூடே ஒளி புகுந்ததால், உள்ளமைப்பின் இளநீல வேறுபாடுகளும் தெரிந்தன. எவ்வளவு நேரம் என்பதைக் கலைஞர் விதியாகச் சொல்லாமல் எங்களையே தீர்மானிக்க விட்டார்.

குறை தாளில் இருந்தது. பிரசிய நீலம் காரத்தைத் தாங்காது. காரத்தன்மை தரும் சுண்ணச் சேர்க்கையுள்ள தாளில் காலப்போக்கில் மங்கிவிடும். எங்களுக்குத் தரப்பட்ட தாளில் அச்சேர்க்கை உண்டா என்று கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுசென்று சட்டமிடுவதற்கென்றே கட்டணம் செலுத்துவோருக்கு இது சிறிய விடயமன்று. படத்தைச் சவர்க்காரத்தால் கழுவக்கூடாது என்பதையும், வெயிலில் வெளிறினால் இருளில் சில நாள் வைக்க நீலம் ஓரளவு மீளும் என்பதையும் ஒரு தாளில் அச்சிட்டுத் தந்திருக்கலாம்.

உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் மாணவரை அழைத்துச்செல்ல விரும்பும் பெற்றோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாடைக்கால மழை மாதங்களைத் தவிர்த்துப் பதிவுசெய்வது நல்லது. பொருத்தமான தாளைச் சொந்தமாகக் கொண்டுசெல்லவும் அனுமதிக்கிறார்கள்.