நெய்வேலி வீட்டு ரஷ்ய வெள்ளியும் சென்னையில் முத்திரை பார்த்த அனுபவமும்

வீட்டில் பழைய ரஷ்ய வெள்ளிச் சாமான் இருந்து, அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும் எண்ணமும் இருந்தால், கடைப்படி ஏறுமுன் முத்திரையை நீங்களே பார்த்துவிடுங்கள். வெள்ளி எத்தனை சதவீதம் என்று சென்னையில் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். யார் செய்தது, எந்தக் காலத்தது என்று சொல்ல நான் போன கடைகளில் ஆளில்லை. ஆனால் பொருள் நம்மோடு விமானம் ஏறுமா என்பது அந்தக் காலத்தை வைத்துத்தான்.

தாத்தா நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். சோவியத் உதவியோடு கட்டிய அந்த நிலையத்தின் முதல் அலகு 1962ல் ஓடத் தொடங்கியது. ஊர் திரும்பிய ரஷ்ய இன்ஜினியர்கள் கொடுத்துவிட்டுப் போன சாமான்கள் பீரோவில் கிடந்தன: ஸ்புட்னிக் படம் போட்ட தேநீர்க் கிளாஸ் தாங்கிகள், கறுப்புச் சித்திர வேலை செய்த ஒரு சின்னக் கோப்பை, ஒரு செட் கரண்டி. இந்த மூன்றையும் மான்செஸ்டருக்குக் கொண்டுபோவது என் திட்டம்.

முதலில் தி.நகரில் ஒரு பெரிய கடை. கவுண்டரில் இருந்தவர் கரண்டியைத் திருப்பிப் பார்த்து, "84 போட்டிருக்கு, 84 டச்தான் சார்" என்று, அதாவது 84 சதவீத வெள்ளி என்று, எடைக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டார். ரஷ்யாவில் அந்தக் காலத்தில் தரத்தை நூற்றுக்குக் கணக்கிடவில்லை, 96க்குக் கணக்கிட்டார்கள். 84ஐ 96ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 875, அதாவது 87.5 சதவீதம். மூன்றரை சதவீதம் அப்படியே காற்றில் போயிருக்கும். அதுவும் உருக்குகிற விலைக்கு! நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சவுகார்பேட்டையில் டச் பார்க்கும் கடை எவ்வளவோ மேல். மெஷினில் வைத்தார்கள், கையோடு பிரிண்ட் வந்தது, கட்டணமும் சொற்பம். கரண்டியும் கோப்பையும் 87க்குப் பக்கத்தில் நின்றன. கிளாஸ் தாங்கி மட்டும் மேல்பகுதியில் வெள்ளி அதிகம் காட்டியது. அங்கிருந்த பையன் விவரமானவன். "மேலாக்கப் படிக்கிற மெஷின் சார், முலாம் போட்டிருந்தா ஏமாத்தும்" என்று, தேய்ந்திருந்த கைப்பிடி ஓரத்தை வைத்துப் பார்த்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம். தாங்கியின் அடியில் இருந்த மூன்று ரஷ்ய எழுத்துகளும் அதே உலோகக் கலவையைத்தான் குறிக்கின்றன. ரஷ்யாவின் கோல்சுகினோ ஆலையில் ஏராளமாகச் செய்த ரகம். ரயிலில் டீ கொடுப்பார்களே, அதுதான்.

அப்புறம் கரண்டிக்கு வந்தேன். நகை பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு நீள்வட்டத்துக்குள் தலையணி அணிந்த பெண்ணின் பக்கவாட்டு முகம், இடப்பக்கம் பார்த்தபடி. பக்கத்தில் 84. கூடவே மாஸ்கோ மதிப்பீட்டு அதிகாரி இவான் லெபெத்கினின் முதலெழுத்துகள். இடப்பக்கம் பார்த்தால் 1899 முதல் 1908 வரை. அதற்குப் பிறகு முகம் வலப்பக்கம் திரும்பிவிடும், அதிகாரி பெயருக்குப் பதில் கிரேக்க எழுத்து வரும். தனியாக இரட்டைத்தலைக் கழுகும், அதன் கீழ் ஹ்லெப்னிகோவ் என்ற முழுப்பெயரும். மாஸ்கோவில் அரண்மனைக்கே வெள்ளி செய்து கொடுத்த நிறுவனம்.

பெரிய பெயரைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். புகழ்பெற்ற ரஷ்ய நகைக்கலைஞர் ஃபாபெர்ஷே பெயரில் எத்தனை போலி முத்திரைகள் உலவுகின்றன என்பது ஏலக்காரர்களுக்குத் தெரியும். நான் பார்த்தது இதைத்தான்: ஒவ்வொரு கரண்டியிலும் முத்திரை சற்றே வேறு இடத்தில், வேறு சாய்வில் இருந்தது. கையால் அடித்தால் அப்படித்தான் விழும். அச்சில் வார்த்த போலியில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், எழுத்தின் ஓரமும் மழுங்கி, குழிகுழியாகத் தெரியும். பெயரின் கடைசியில் ஒலியில்லாத அந்தப் பழைய எழுத்தும் இருந்தது. 1918 எழுத்துச் சீர்திருத்தத்தோடு சொல்லின் கடைசியிலிருந்து போனது அது. பக்கத்துப் பட்டறையில் இருந்த பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு மெருகு மட்டும் போட்டுடாதீங்க, முத்திரை தேஞ்சிடும்" என்றார். அந்தப் பயணத்தில் காசு வாங்காமல் கிடைத்த உருப்படியான ஆலோசனை அது ஒன்றுதான்.

சந்தோஷம் அதோடு சரி. 1972ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ரஷ்யாவில் செய்ததுதானே என்று வாதாடிப் பயனில்லை. சட்டத்தின் விளக்கத்தில் எந்த ஊர்ச் சரக்கு என்ற பாகுபாடு கிடையாது. கரண்டி அசல் என்று உறுதியான அதே முத்திரைதான் அதை இங்கேயே நிறுத்திவிட்டது. போலியாக இருந்திருந்தால் தாராளமாக எடுத்துப் போயிருக்கலாம்!

கோப்பையின் கதை வேறு. நட்சத்திரத்துக்குள் அரிவாள் சுத்தியல், பக்கத்தில் 875. இது 1958ல் வந்த சோவியத் முத்திரை. வெலிக்கி உஸ்தியூக் என்ற ரஷ்ய ஊரின் கறுப்புச் சித்திர வேலை. வயது குறைவுதான் என்றாலும், பார்க்கப் பழசாக இருப்பதால் விமான நிலையத்தில் மல்லுக்கட்ட வேண்டாமே என்று தொல்லியல் துறையின் 'தொல்பொருள் அல்ல' சான்றிதழுக்குப் போட்டேன். சென்னை வட்ட அலுவலகம் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. பொருளின் படங்களோடு விண்ணப்பித்து, பொருளையும் காட்ட வேண்டும். போனவுடன் கையில் தரும் காகிதம் இல்லை; பயணத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

கோப்பையும் தாங்கிகளும் மான்செஸ்டர் வந்து சேர்ந்தன. கரண்டிகள் நெய்வேலியில் அக்கா பொறுப்பில். முத்திரைகளின் போட்டோவை மட்டும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்துக்கொண்டேன், இங்கே ஏலக்காரர் ஒருவரிடம் காட்டுவதற்கு.