தேடுவதா, தொடங்குவதா?

"அம்மாவின்ர ஈரலில இருக்கிறது வேறெங்கேயோ இருந்து பரவின புற்று, தொடங்கின இடம் தெரியேல்லை." வைத்தியர் இப்படிச் சொன்னால் வெள்ளவத்தை வீடொன்றில் உடனே எழும் கேள்வி: இன்னொரு ஸ்கேன் எடுப்பமா, மருந்தைத் தொடங்குவமா?

தேடலுக்கும் நியாயம் உண்டு. கழுத்து நெறிக்கட்டியில் செதிள் கலப் புற்று (தோல், வாய், தொண்டைப் படலம் போன்றவற்றின் தட்டைக் கலங்களில் தொடங்குவது) என்றால், உடல் முழுவதும் புற்றைத் தேடும் பெட் ஸ்கேனும் தொண்டைப் பரிசோதனையும் அவசியம். தொடங்கிய இடம் கிடைத்தால் கதிர்வீச்சு கொடுக்கும் எல்லையே மாறும். ஆனால் எல்லாம் பார்த்த பிறகும் தொடங்கிய இடம் அகப்படாத புற்றுகள், மொத்தப் புற்றுகளில் ஒரு சில வீதம் உண்டு.

தொடங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பயொப்சியில், அதாவது கட்டியிலிருந்து, எடுத்த துண்டுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோ பரிசோதனை, புற்று எந்த உறுப்பிலிருந்து வந்திருக்கலாம் என்று பல வேளை வழி காட்டிவிடும். அக்குள் நெறியில் மட்டும் அடினோகார்சினோமா (சுரப்பிக் கலங்களில் தொடங்கும் புற்று) உள்ள பெண்ணுக்கு மார்பகப் புற்றுக்குரிய சிகிச்சைதான், பலனும் நல்லது. துப்பே இல்லாவிட்டால் கார்போபிளாட்டின், பக்லிடாக்சல் போன்ற கூட்டுக் கீமோ மருந்து. அதில் கிடைக்கும் ஆயுள் பெரும்பாலும் மாதங்கள்தான். அதை வீட்டாரிடம் மறைக்கக் கூடாது.

நான் தொடங்குவதன் பக்கம். மூன்றாவது ஸ்கேனுக்குக் காசு கொட்டுமுன் பயொப்சி புளொக்கை (மெழுகில் பதித்து வைத்த அந்தத் துண்டை) மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ. துண்டு போதாதென்றால் மறுபடி எடுக்கச் சம்மதியுங்கோ. அம்மா எழும்பி நடக்கிற பலத்தோடு இருக்கும் வாரங்களைத் தேடலிலேயே கழிச்சிடாதேங்கோ.