பென்டைலா, முழு ஆர்ஜிபியா? 1.41-ஆல் வகுத்துப் பாருங்கள்

"பென்டைல் திரையா? ஏமாற்று வேலை!" 2010 வாக்கில் போன் வாங்கப் போனவர்களிடம் இப்படி அடித்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்று கணக்குப் போட்டால் பாதி தப்பு என்மேல்தான்.

முழு ஆர்ஜிபி திரையில் பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள். பென்டைலில் இரண்டே. பச்சை எல்லாப் பிக்சலிலும் இருக்கும். சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும், இல்லாததைப் பக்கத்துப் பிக்சலிடம் கடன் வாங்கும். 1080×2400 திரையில் முழு ஆர்ஜிபிக்குச் சுமார் 78 லட்சம் புள்ளிகள், பென்டைலுக்கு 52 லட்சம்.

கண்ணும் கிட்டத்தட்ட இப்படித்தான். எழுத்தின் ஓரத்தை நாம் கூர்மையாகப் பார்ப்பது ஒளியின் ஏற்ற இறக்கத்தால். அதில் பெரும்பங்கு பச்சைக்கு. நீலத்தை உணரும் கூம்பு செல்கள் விழித்திரையில் சொற்பம், பார்வை குவியும் குழியின் நட்டநடுவில் அறவே இல்லை. கேண்டிஸ் பிரவுன் எலியட் பென்டைலை வடிவமைத்தது இதை நம்பித்தான். 2008இல் அது சாம்சங் கைக்குப் போனது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் நீலம்தான் சீக்கிரம் மங்கும். புள்ளிகள் குறைந்தால் அதைப் பெரிதாக வைக்கலாம், ஆயுளும் கூடும்.

சரி, எது மேல்? சிவப்பு, நீலத்தின் அடர்த்தி அறிய, பென்டைல் திரையின் பிபிஐயை, அதாவது ஓர் அங்குல நீளத்தில் உள்ள பிக்சல் எண்ணிக்கையை, 1.41-ஆல் வகுக்க வேண்டும். பரப்பில் புள்ளிகள் பாதியானால், நீளவாக்கில் 2-இன் வர்க்கமூலமான 1.41 மடங்கு குறையும். சாம்சங்கின் முதல் கேலக்ஸி எஸ் போன்: பென்டைல், 233 பிபிஐ, வகுத்தால் 165. எழுத்தோரம் பிசிறடித்ததில் வியப்பில்லை. எஸ்2 முழு ஆர்ஜிபி, 217, கொண்டாடினோம். எஸ்3 மறுபடி பென்டைல், 306, திட்டித் தீர்த்தோம். ஆனால் 306-ஐ வகுத்தால் 217! சிவப்பிலும் நீலத்திலும் எஸ்2-க்கு இம்மியும் குறையவில்லை. பச்சை மட்டும் 306-க்கு ஏறியிருந்தது. ஐபோன் 4-இன் முழு ஆர்ஜிபி 326. பென்டைல் போட்ட ஐபோன் எக்ஸ் 458, வகுத்தால் 325. அதை யாரும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

30 செ.மீ. தூரத்தில் சாதாரணக் கண் பிரித்தறிவது சுமார் 290 பிபிஐ. அதை 1.41-ஆல் பெருக்கினால் சுமார் 410. ஆகவே 410-ஐத் தாண்டிய போனில் பென்டைலா என்று கேட்பதே வீண்.

கண்ணில் மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடியில் கதை வேறு. அங்கே லென்ஸ் ஒவ்வொரு புள்ளியையும் ஊதிப் பெருக்கிக் காட்டும். 2016இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்ட், கண்ணுக்கு 1080×1200, பென்டைல்: 26 லட்சம் புள்ளிகள். அதே ஆண்டின் பிளேஸ்டேஷன் விஆர் 960×1080தான், ஆனால் முழு ஆர்ஜிபி: 31 லட்சம். அட்டைப்பெட்டியில் போட்ட பிக்சல் கணக்கில் ரிஃப்ட் ஜெயித்தது. கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோன்ற உறுத்தல் பிளேஸ்டேஷன் விஆரில்தான் குறைவு.