ஹெல்ஃபயர் பாஸ் நினைவகம்: ஒரு மணி நேரத்தில் பார்க்கக்கூடிய இடமல்ல

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், ஆஸ்திரேலிய அரசு 1998-இல் திறந்து இன்றளவும் பராமரித்துவரும் ஹெல்ஃபயர் பாஸ் நினைவகம் உள்ளது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நாங்கள் அமர்த்திய வேன்காரர் ஒரு மணி நேரம் போதும் என்று அடித்துச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டதால் மலைப்பாதையின் பாதியிலேயே திரும்ப நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்ததையும், அதில் வேலை வாங்கப்பட்ட சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் மழையிலும் காலரா போன்ற நோய்களிலும் பட்டினியிலும் மாண்டதையும் அறிந்துகொள்ளக் காட்சிக்கூடம் உதவும். ஆனால், இங்கே வரவேண்டிய காரணம் வெளியே இருக்கிறது. ஒலி வழிகாட்டிக் கருவியை மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள். உயிர் பிழைத்த கைதிகளே முதுமையில் தம் அனுபவத்தைச் சொல்வதைக் கேட்டபடி நடக்கலாம்.

படிகளில் இறங்கினால், 75 மீட்டர் நீளமும் 25 மீட்டர் ஆழமுமாக வெட்டப்பட்ட கணவாய் இருபுறமும் சுவராக எழுகிறது. 1943 ஏப்ரல் 25 அன்று இங்கே வேலை தொடங்கியது. ஒருவர் துளையுளியைப் பிடித்துத் திருப்ப, மற்றொருவர் சம்மட்டியால் அடிக்க, துளை ஆழமானதும் வெடி வைத்துத் தகர்த்து, சிதறிய கல்லைக் கையாலும் கூடையாலும் அள்ளினார்கள். அவசரம் முற்றியபோது நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம்வரை வேலை நடந்தது. எரியும் மூங்கில் வெளிச்சத்தில் எலும்புக்கூடுகளாக அசைந்தவர்களின் தோற்றமே இவ்விடத்துக்கு நரக நெருப்பின் பெயரைத் தந்தது. பாறையில் முறிந்து சிக்கிய உளித்துண்டு ஒன்று இன்றும் அப்படியே நிற்கிறது. அருகிலிருந்த துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். அந்த வெயிலிலும் உள்ளே ஈரமாக இருந்தது.

தமிழராகச் செல்பவருக்கு ஓர் உறுத்தல் எழும். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர் கைதிகளைவிடப் பன்மடங்கு அதிகமாக இறந்தனர். கைதிகளிடையே நாட்குறிப்பு எழுதிய அதிகாரிகளும், மூங்கில் குழலையும் ஸ்டெதஸ்கோப் ரப்பரையும் கொண்டு உப்புநீர் ஏற்றி உயிர் காத்த ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவர் டன்லப் போன்றவர்களும் இருந்தார்கள்; பெரும்பாலான தோட்டத் தொழிலாளிக்கு அந்த இருவருமே இல்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர்க் கற்கள் உள்ளன; அவற்றில் நம்மவர் பெயரைத் தேடுவது வீண்.

அரை நாளாவது ஒதுக்குங்கள். காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. பிடிமானமுள்ள காலணியும் தண்ணீரும் அவசியம், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படிகள் கடினம். திரும்பும்போது ‘நாம் தோக்’ என்னும் நிலையத்தில் ரயிலேறினால், எஞ்சியிருக்கும் அதே பாதையில், ஆற்றோர மரப்பாலத்தைக் கடந்து காஞ்சனபுரிக்கு வந்துசேரலாம். நிலையம்வரை செல்வதற்கான வாகனத்தை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.